காஸ்கேடியா இயக்கமும் பூர்வகுடி இறையாண்மையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சியாட்டில் பக்கம் குடிவந்து பதினோரு வருஷம் ஆச்சு. அதுல கடைசி ஆறு வருஷமா இங்க ஒரு சின்ன பயோரீஜனல் குழுவோட சேர்ந்து ஓடைக்கரையில செடி நடுறது, கடல்ல இருந்து முட்டை போட ஆத்துல ஏறி வர்ற சால்மன் மீன எண்ணுறது, மீட்டிங்ல உக்காந்து பேசுறதுன்னு போயிட்டிருக்கேன். பொங்கல் விழா, பசங்க பர்த்டேன்னு எங்க போனாலும் நம்மாளுங்க யாராவது இதப்பத்தி கேப்பாங்க, கேட்ட கேள்வியே திரும்பத் திரும்ப வருது, அதனால மொத்தமா ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு தோணிச்சு.

பயோரீஜன்னா என்ன?

நாட்டு எல்லை, மாநில எல்லை எல்லாம் யாரோ மேப்புல ஸ்கேல் வச்சு இழுத்த கோடு. அத விட்டுட்டு தண்ணி எங்க ஓடுது, எந்த மரம் எதுவரைக்கும் வளருது, எந்த மீன் எந்த ஆத்துல ஏறுதுன்னு பாத்து ஒரு நிலப்பரப்ப அடையாளம் காணுறதுதான் பயோரீஜன். 1970-கள்ல இந்த எண்ணத்த பரப்பினவங்கள்ல முக்கியமானவங்க கலிபோர்னியாவுல இருந்த பீட்டர் பெர்க்கும் சூழலியலாளர் ரேமண்ட் டாஸ்மனும். குறிஞ்சி முல்லை மருதம் நெய்தல்னு நிலத்த வச்சு வாழ்க்கையப் பேசின மொழி நம்மளது, அதனால நமக்கு இது சட்டுன்னு புரியும்.

காஸ்கேடியாங்கிறது கொலம்பியா, ஃப்ரேசர் மாதிரி பெரிய நதிகளோட படுகைகள் சேர்ந்த பகுதி. சியாட்டில் பல்கலைக்கழகத்துல சமூகவியல் பேராசிரியரா இருந்த டேவிட் மெக்லாஸ்கி போட்ட மேப்புல பாத்தா தெற்க வட கலிபோர்னியாவோட கேப் மெண்டோசினோ தொடங்கி வடக்க தென்கிழக்கு அலாஸ்கா வரைக்கும் போகும். வாஷிங்டன், ஓரிகன், ஐடஹோ, பிரிட்டிஷ் கொலம்பியா எல்லாம் இதுக்குள்ள வருது. நடுவுல அமெரிக்கா கனடா எல்லை இருக்குல்ல, அந்த 49-வது அட்சரேகை, அது 1846-ல பிரிட்டனும் அமெரிக்காவும் பேசி முடிச்சது. அங்க ஆயிரக்கணக்கான வருஷமா இருந்த ஜனங்கள்ல ஒருத்தர்கூட அந்தப் பேச்சுல கிடையாது. சொந்தக்காரங்க கோட்டுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமுமா பிரிஞ்சு போனாங்க.

அப்ப இது தனிநாடு கேக்குற கூட்டமா?

சிலர் கேக்குறாங்க, பெரும்பாலானவங்க கேக்கல. நீலம் வெள்ளை பச்சைப் பட்டையில டக்ளஸ் ஃபர் மரம் போட்ட கொடிய நீங்க கார் ஸ்டிக்கர்ல பாத்திருப்பீங்க, அத 1990-கள்ல வடிவமைச்ச அலெக்சாண்டர் பாரெடிச்சே அது நாட்டுக்கான கொடி இல்ல, நிலத்துமேல உள்ள நேசத்துக்கான கொடின்னுதான் சொல்றவர். என் கேள்வி வேற. புதுசா ஒரு நாடு வேணுமா வேணாமான்னு பேசுறதுக்கு முன்னாடி, இங்க ஏற்கனவே எத்தன நாடு இருக்குன்னு எண்ணிட்டோமா? வாஷிங்டன் மாநிலத்துல மட்டும் ஃபெடரல் அரசு அங்கீகரிச்ச பூர்வகுடி அரசுகள் 29, ஓரிகன்ல 9, பிரிட்டிஷ் கொலம்பியாவுல 200-க்கு மேல.

பூர்வகுடி "அரசு"ன்னு சொல்றீங்க, அவங்க ஒரு சிறுபான்மை சமூகம் தானே?

இங்கதான் நம்ம ஊர்ல இருந்து வர்றவங்களுக்கு குழப்பம் வருது, எனக்கும் வந்துச்சு. ரிசர்வேஷன்னு காதுல விழுந்ததும் இடஒதுக்கீடு, எஸ்டி கோட்டான்னு மனசு போயிடும். இங்க ரிசர்வேஷன்னா நிலம். எல்லா நிலத்தையும் விட்டுக்குடுக்கும்போது "இது எங்களுக்கு"ன்னு அவங்க பிடிச்சு வச்சுக்கிட்ட நிலம். அங்க அவங்களுக்கு சொந்த கவுன்சில், சொந்த கோர்ட், சொந்த போலீஸ் எல்லாம் உண்டு. அமெரிக்க அரசு அவங்களோட போட்டது வெளிநாட்டோட போடுற மாதிரி ஒப்பந்தம், செனட் ஓட்டுப்போட்டு ஏத்துக்கிட்டது. அரசியல் சாசனத்தோட ஆறாவது பிரிவு ஒப்பந்தங்கள நாட்டோட உச்ச சட்டம்னு சொல்லுது. 1831-ல உச்ச நீதிமன்றம் அவங்கள "உள்நாட்டுச் சார்பு தேசங்கள்"னு ஒரு வார்த்தையில அடைச்சுது, அது குறைச்சு மதிப்பிட்ட வார்த்தைதான், ஆனா அதுலயே தேசம்னு ஒத்துக்கிட்டாங்க பாருங்க. அதனால சிறுபான்மையினர் உரிமைங்கிற கண்ணாடிய போட்டுட்டு இதப் பாக்காதீங்க. ஒரு அரசாங்கத்துக்கும் இன்னொரு அரசாங்கத்துக்கும் நடுவுல உள்ள விஷயம் இது.

ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டு நிலத்த குடுத்துட்டாங்கல்ல, அப்புறம் என்ன பாக்கி?

இதுதான் அதிகமா வர்ற கேள்வி, நீளமா சொல்றேன்.

1854 டிசம்பர் 26-ல இருந்து 1855 முடியிறதுக்குள்ள இன்னும் மாநிலம் ஆகாத வாஷிங்டன் டெரிட்டரியோட முதல் கவர்னர் ஐசக் ஸ்டீவன்ஸ் வரிசையா ஒப்பந்தம் போட்டுட்டே போனாரு. மெடிசின் க்ரீக், பாயின்ட் எலியட், பாயின்ட் நோ பாயின்ட், நீயா பே, கிழக்க யாக்கமான்னு. பியூஜெட் சவுண்ட் பக்கம் நடந்த பேச்சுல ஜனங்களோட சொந்த மொழியில பேசல, சினூக் ஜார்கன்னு ஒரு சந்தை பாஷை, சில நூறு வார்த்தைதான் அதுல, அதுலதான் நில உரிமையப் பத்தி பேசியிருக்காங்க. நெனச்சுப் பாருங்க, கருவாட்டுக்கு பேரம் பேசுற அளவு உள்ள பாஷையில உங்க தாத்தாவோட மொத்த ஊரையும் எழுதி வாங்குறாங்க. நிஸ்குவாலி ஜனங்களுக்கு ஒதுக்கின இடம் ஆத்த விட்டு தள்ளி மேட்டுல இருந்துச்சு, அத எதுத்துப் போர்ல நின்ன லெஷைங்கிற தலைவர 1858-ல தூக்குல போட்டாங்க. 2004-ல ஒரு சிறப்பு வரலாற்று நீதிமன்றம் உக்காந்து, போர்ல நடந்ததுக்கு அவர குற்றவாளின்னு தீர்ப்பு சொல்லியிருக்கவே கூடாதுன்னு சொல்லுச்சு. 146 வருஷம் கழிச்சு.

ஆனா அந்த நெருக்கடியிலயும் அவங்க ஒண்ண விட்டுக்குடுக்கல. வழக்கமா மீன் பிடிக்கிற எல்லா இடத்துலயும், ரிசர்வேஷனுக்கு வெளியில இருந்தாலும், மற்ற குடிமக்களோட சேர்ந்து மீன் பிடிக்கிற உரிமை எங்களுக்கு இருக்கும்னு ஒப்பந்தத்துல எழுத வச்சாங்க. இது அரசாங்கம் குடுத்த சலுகை இல்ல. அவங்ககிட்ட இருந்தத அவங்களே கைவசம் வச்சுக்கிட்டது. இந்த வித்தியாசம் மட்டும் புரிஞ்சிட்டா மிச்ச எல்லாம் தானா புரியும்.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, மாநில அரசு அந்த வரிய கண்டுக்கவே இல்ல. சொந்த ஆத்துல வலை போட்டவங்கள அரெஸ்ட் பண்ணாங்க. பில்லி ஃபிராங்க் ஜூனியர்னு நிஸ்குவாலி மனுஷன், 1945-ல பதினாலு வயசுல முதல் தடவை அரெஸ்ட் ஆனாரு, அதுக்கப்புறம் 50 தடவைக்கு மேல. 1960-கள்ல மீன்பிடி மறியல் பெருசா நடந்துச்சு, ஆத்துல இறங்கி வலை போடுவாங்க, போலீஸ் வந்து அடிச்சு இழுத்துட்டுப் போகும், பொம்பளைங்க குழந்தைங்க எல்லாரும் கரையில. 1964-ல புயாலப் ஆத்துல ஆதரவா வந்த நடிகர் மார்லன் பிராண்டோவையும் பிடிச்சு வச்சாங்க.

1974 பிப்ரவரி 12-ல நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பு குடுத்தாரு. ஒப்பந்தத்துல "சேர்ந்து"ன்னு எழுதியிருக்கிறதுக்கு அர்த்தம் பாதிப்பாதி, பிடிக்கத்தக்க மீன்ல 50 சதவீதம் வரைக்கும் ஒப்பந்த பூர்வகுடிகளுக்கு, அதோட மீன்வளத்த நிர்வாகம் பண்றதுல மாநிலத்தோட அவங்களும் சமமா உக்காருவாங்கன்னு. அவர் போராட்டக்காரர்லாம் இல்ல, ரொம்ப கட்டுப்பெட்டியான நீதிபதி, ஒப்பந்தத்த எழுதினபடி படிச்சாரு அவ்வளவுதான். அதுக்கே அவரோட உருவ பொம்மைய தொங்க விட்டாங்க. 1979-ல உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்ப உறுதி பண்ணிச்சு.

இதுல ஒரு தொடர்ச்சி இருக்கு, அதுதான் நான் பயோரீஜன் ஆளுங்ககிட்ட விடாம சொல்றது. மீன் பிடிக்கிற உரிமை இருந்து மீனே இல்லன்னா அந்த உரிமைக்கு என்ன அர்த்தம்? மாநில ரோடுகளுக்கு அடியில ஓடை போற கல்வெர்ட் குழாய்கள் நிறைய இடத்துல சால்மன் ஏற முடியாதபடி கட்டியிருந்தாங்க. பூர்வகுடி அரசுகள் கேஸ் போட்டாங்க, 2018-ல உச்ச நீதிமன்றத்துல 4-க்கு 4னு சமமா பிரிஞ்சதால கீழ்க்கோர்ட் தீர்ப்பு நின்னுச்சு, மாநிலம் காசு செலவு பண்ணி அந்தக் குழாய்கள மாத்தணும்னு. இன்னைக்கு நீங்க ஹைவேல போகும்போது பழைய குழாய எடுத்துட்டு கீழ அகலமா ஓடை போறமாதிரி பாலம் கட்டுறத பாக்குறீங்கல்ல, அந்த வேலைக்கு 1855 ஒப்பந்தம்தான் காரணம். எங்க குழு ஆறு வருஷமா செடி நட்டு எவ்வளவு ஓடையத் திறந்திருக்கும்னு கணக்கு போட்டா எனக்கு இந்தத் தீர்ப்போட பெருமை தெரியுது.

பிரிட்டிஷ் கொலம்பியாவுலயும் இதே கதையா?

இல்ல, அங்க ஒப்பந்தமே பெரும்பாலும் கிடையாது. வான்கூவர் தீவுல 1850-கள்ல ஜேம்ஸ் டக்ளஸ் போட்ட 14 சின்ன ஒப்பந்தம், வடகிழக்கு மூலையில 1899-ல வந்த எட்டாம் எண் ஒப்பந்தம், 2000-ல நடைமுறைக்கு வந்த நிஸ்கா ஒப்பந்தம், இன்னும் சில புது ஒப்பந்தங்கள், இத விட்டா மாகாணத்தோட பெரும்பகுதி யாரும் எழுதிக் குடுக்காத நிலம். வான்கூவர் நகரத்துல பேசுறவங்க "அன்சீடட்"னு சொல்றது இதத்தான், பட்டா கைமாறவே இல்ல.

கிட்க்சான், வெட்சுவெட்டன் மூத்தவங்க 1980-கள்ல கோர்ட்டுக்குப் போய் எங்க பாட்டும் எங்க வாய்மொழிக் கதையும்தான் எங்க பத்திரம்னாங்க. ஒரு பாட்டி சாட்சிக் கூண்டுல பாட ஆரம்பிச்சப்போ, எனக்கு சங்கீத ஞானம் கிடையாது பாடி பிரயோஜனம் இல்லங்கிற மாதிரி நீதிபதி சொன்னது பதிவுல இருக்கு. 1991-ல அவர் தீர்ப்பு அவங்களுக்கு எதிரா வந்துச்சு. 1997-ல கனடா உச்ச நீதிமன்றம், டெல்கமூக் வழக்குன்னு சொல்வாங்க, அத தள்ளிட்டு வாய்மொழி வரலாறும் சாட்சிதான், நில உரிமை அழிஞ்சு போகலன்னு சொல்லுச்சு. 2014-ல சில்கோட்டின் ஜனங்களுக்கு சுமார் 1,750 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு உரிமை இருக்குன்னு முதல் தடவையா நேரடியாவே அறிவிச்சாங்க. 2024-ல ஹைடா குவாய் தீவுகள் முழுசும் ஹைடா ஜனங்களோட உரிமை நிலம்னு மாகாண அரசு ஒத்துக்கிட்டு ஒப்பந்தம் போட்டுச்சு. அந்தத் தீவுகளுக்கு 2010 வரைக்கும் அரசு ஆவணத்துல ஒரு பிரிட்டிஷ் ராணி பேருதான் இருந்துச்சு.

டீகாலனைசேஷன்னா, அதாவது காலனி ஆட்சி பறிச்சத சரி பண்றதுன்னா, மத்தவங்க எல்லாம் கிளம்பிப் போகணுமா? நான் வாங்கின வீடு?

ஹைடா ஒப்பந்தத்தையே பாருங்க, அங்க தனியார் வீடு நிலமெல்லாம் அவங்கவங்க பேர்லயே இருக்கும்னு தெளிவா எழுதியிருக்கு. போல்ட் தீர்ப்புல கேட்டது ஆத்துல இருந்து மத்தவங்கள விரட்டணும்னு இல்ல, பாதிய குடு, முடிவெடுக்கிற மேசையில இடம் குடுன்னுதான். நிலத்த வச்சு யார் முடிவெடுக்கிறாங்க, அதுல வர்ற பலன் யாருக்குப் போகுது, இது ரெண்டும் மாறணும். மனசு மாறினா போதும், நாமெல்லாம் நல்லவங்களா இருந்தா போதும்னு சொல்றவங்க கிட்ட எனக்கு ஒப்புதல் இல்ல. ஏக்கர் கணக்குல, மீன் கணக்குல, ஓட்டுக் கணக்குல ஏதாவது கைமாறணும். மாறியும் இருக்கு. 2019-ல ஸ்னோகுவால்மி பூர்வகுடி அவங்க புனித அருவி ஸ்னோகுவால்மி ஃபால்ஸ் பக்கத்துல இருக்கிற ஹோட்டலையும் சுத்தியுள்ள நிலத்தையும் 12.5 கோடி டாலர் குடுத்து வாங்கினாங்க, நம்ம தமிழ் குடும்பங்க விருந்தாளி வந்தா முதல்ல கூட்டிட்டுப் போற அருவிதான் அது. தங்களோட இடத்தையே காசு குடுத்து வாங்க வேண்டியிருக்குங்கிறது வேதனை. அதுக்கு நேரெதிரா 2021-ல ஓகனாகன் பக்கம் ஒரு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 9,000 ஏக்கருக்கு மேல நிலத்த வாங்கி கால்வில் பூர்வகுடிகள் கிட்டயே திருப்பிக் குடுத்துச்சு.

பயோரீஜன் இயக்கம் நல்ல நோக்கத்துல தானே இருக்கு, அதுக்குள்ள என்ன பிரச்சினை?

நோக்கம் நல்லதுதான், நான் உள்ள இருக்கேன், அதனால சொல்ல எனக்குக் கடமை இருக்கு.

"நிலத்துல திரும்பக் குடியேறுவோம், இந்த மண்ணோட மக்களா ஆவோம்"னு பேசுற பேச்சு இந்த மண்ணுக்கு வேற மாதிரி கேக்கும். 1850-ல அமெரிக்க காங்கிரஸ் ஓரிகன் நன்கொடை நிலச் சட்டம்னு ஒண்ணு போட்டு, குடியேறுற வெள்ளைக்கார ஆணுக்கு 320 ஏக்கர், கல்யாணம் ஆனவங்களுக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து 640 ஏக்கர்னு தூக்கிக் குடுத்துச்சு, அந்த நிலத்துக்கு சொந்தக்காரங்களோட ஒப்பந்தம் முடியறதுக்கு முன்னாடியே. ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேன்னு. ஓரிகன் மாநிலம் 1859-ல சேரும்போது கறுப்பினத்தவர் குடியேறக் கூடாதுன்னு சாசனத்துலயே எழுதி வச்சிருந்துச்சு, 1926 வரைக்கும் அந்த வரி இருந்துச்சு. 1980-கள்ல வடக்கு ஐடஹோவுல ஹேடன் லேக் பக்கம் முகாம் போட்டிருந்த வெள்ளை இனவெறிக் கும்பல் இதே வடமேற்க வெள்ளைக்காரங்களுக்கு மட்டுமான நாடாக்கணும்னு பேசினது. அதனால இங்க யாராவது புது நாடு, புது எல்லைன்னு பேசினா பூர்வகுடி ஆட்களும் கறுப்பினத்தவரும் ஒரு நிமிஷம் உஷாரா பாக்குறதுல நியாயம் இருக்கு. இயக்கம் இத முகத்துக்கு நேரா சொல்லி விலகி நிக்கணும், நமக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு நழுவக் கூடாது.

இன்னொண்ணு, காடு தானா வளந்த காடுங்கிற நம்பிக்கை. பிரிட்டிஷ் கொலம்பியா கடற்கரையில கல்லு அடுக்கி மட்டி வளர்க்கிற வரப்புத் தோட்டங்கள் 3,500 வருஷம் பழசு வரைக்கும் கண்டுபிடிச்சிருக்காங்க. நீலப்பூ பூக்கிற காமாஸ் கிழங்கு வயல், ஓக் மரப் புல்வெளி எல்லாம் காலம் பாத்து சின்னத் தீ வச்சு பேணினது. அந்தத் தீய அரசாங்கம் குற்றம்னு நிறுத்திச்சு, இப்ப கோடையில காட்டுத்தீப் புகையில நாம ஏர் பியூரிஃபையர் வாங்குறோம். ஸ்வினோமிஷ் ஜனங்க 2022-ல கைல கல்லு சுமந்து அமெரிக்கப் பக்கம் முதல் நவீன மட்டித் தோட்டம் கட்டினாங்க.

எங்க குழுவுல ஒரு தடவை, எந்தக் குழுன்னு சொல்ல வேணாம், மூணு மாசம் உழைச்சு ஒரு ஆத்துப் படுகைக்கு "மக்கள் மேப்" போட்டோம். எல்லா ஓடைக்கும் நாங்களே அழகழகா பேர் வச்சோம். முடிஞ்சப்புறம் பக்கத்து பூர்வகுடி அரசோட இயற்கைவளத் துறை அம்மா ஒருத்தர்கிட்ட காட்டினோம். அவங்க கோபப்படல, அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற மேப்ப திறந்து காட்டினாங்க, ஒவ்வொரு ஓடைக்கும் பேர் இருந்துச்சு, எந்த வளைவுல எந்த மீன் முட்டையிடும்னு இருபது முப்பது வருஷ தரவு இருந்துச்சு. முதல்லயே ஒரு போன் பண்ணியிருக்கலாம். அன்னைக்கு வீட்டுக்கு கார் ஓட்டிட்டு வரும்போது மனசு ரொம்ப கனமா இருந்துச்சு.

மீட்டிங் ஆரம்பத்துல "இது இன்னார் நிலம்"னு வாசிக்கிறாங்களே, அது போதாதா?

போதாது. வாசிக்கிறது தப்பில்ல, ஆனா வாசிச்ச அடுத்த நிமிஷம் அஜெண்டாவுல அவங்க கேட்டது ஏதாவது இருக்கணும்.

பூர்வகுடிகளுக்குள்ளயே ஒத்துப்போகலன்னா நாம யார் பக்கம் நிக்கிறது?

கஷ்டமான கேள்வி. சியாட்டில்ங்கிற பேரே தலைவர் சியால் பேரு, பாயின்ட் எலியட் ஒப்பந்தத்துல முதல் கையெழுத்து அவர்து. அவரோட அம்மா டுவாமிஷ், அப்பா சுக்வாமிஷ். இந்த ஊரு 1865-லயே பூர்வகுடிகள் ஊருக்குள்ள குடியிருக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு. டுவாமிஷ்ங்கிற பேர்ல இயங்குற அமைப்புக்கு ஃபெடரல் அங்கீகாரம் இல்ல, 2001-ல கிளிண்டன் அரசு கடைசி நேரத்துல குடுக்கப் போய் அடுத்த அரசு திருப்பிக்கிச்சு. 2017-ல இருந்து நிறைய சியாட்டில்வாசிகள் அவங்களுக்கு மாசாமாசம் "ரியல் ரென்ட்"னு வாடகை மாதிரி பணம் அனுப்புறாங்க. அதே சமயம் மக்கல்ஷூட், சுக்வாமிஷ், டுலாலிப் அரசுகள், டுவாமிஷ் வம்சத்தவங்க நிறைய பேர் எங்க உறுப்பினர்கள்தான், அந்த அமைப்பு மட்டும் டுவாமிஷ் இல்லன்னு சொல்றாங்க. பணம் அனுப்புறவங்கள்ல பாதிப்பேருக்காவது இந்த ரெண்டாவது பக்கம் தெரியுமான்னு எனக்கு சந்தேகம்.

வடக்க வெட்சுவெட்டன் நிலத்துல கேஸ் பைப்லைன் வந்தப்போ தேர்ந்தெடுத்த பேண்ட் கவுன்சில்கள் பல கையெழுத்து போட்டாங்க, பரம்பரைத் தலைவர்கள் முடியாதுன்னாங்க, 2020-ல போலீஸ் உள்ள போக, கனடா முழுசும் ரயில் மறியல் நடந்துச்சு. பேண்ட் கவுன்சில்ங்கிற அமைப்பே கனடாவோட இந்தியன் சட்டம் உண்டாக்கினது, ரிசர்வ் எல்லைக்குள்ள அதுக்கு அதிகாரம், ஆனா டெல்கமூக் வழக்குல மொத்த நிலத்துக்கும் வழக்காடினது பரம்பரைத் தலைவர்கள். இத தெரிஞ்சுக்காம "அவங்களே ஒத்துக்கிட்டாங்களே"ன்னு சொல்றது சரியில்ல. அதே நேரம் வேலை வேணும், வீடு வேணும்னு கையெழுத்து போட்டவங்கள துரோகின்னு சொல்ல நமக்கு உரிமை கிடையாது. என் நிலைப்பாடு, அவங்க உள்விவகாரத்துல தீர்ப்பு சொல்ல நான் யாரும் இல்ல, ஆனா அந்தப் பிளவ உண்டாக்கின சட்டம் என் வரிப்பணத்துல ஓடுறதுன்னா அதப்பத்தி பேச எனக்கு இடம் இருக்கு.

பருவநிலை மாற்றம் தலைக்கு மேல போயிட்டிருக்கு, கிரீன் எனர்ஜிக்கு நிலம் வேணாமா?

கொலம்பியா நதி அணைகளும் அந்தக் காலத்து கிரீன் எனர்ஜிதான். செலிலோ அருவின்னு ஒண்ணு இருந்துச்சு, ஆயிரக்கணக்கான வருஷமா மரமேடை கட்டி வலை வீசி மீன் பிடிச்ச இடம், சுத்துப்பட்டு ஜனங்க எல்லாம் கூடுற சந்தை. 1957 மார்ச் 10-ஆம் தேதி த டேல்ஸ் அணையோட கதவ மூடினாங்க, சில மணி நேரத்துல அருவி தண்ணிக்குள்ள போயிடுச்சு, பெரியவங்க கரையில நின்னு அழுதாங்கன்னு இன்னைக்கும் பேசுறாங்க. த டேல்ஸ்ங்கிற அந்தச் சின்ன ஊர்ல இப்ப பெரிய டேட்டா சென்டர்கள் இருக்கு, நதிக்கரையில கரண்ட் மலிவுங்கிறதால. நம்மள்ல எத்தன பேர் கிளவுட் வேலையில இருக்கோம், அந்த கிளவுட் எங்க ஓடுதுன்னா இங்கதான் ஓடுது.

இப்ப கோல்டன்டேல் பக்கத்துல மேல ஒரு குளம் கீழ ஒரு குளம் வெட்டி தண்ணிய ஏத்தி இறக்கி மின்சாரம் சேமிக்கிற திட்டம் போட்டிருக்காங்க. அந்த மலைக்கு யாக்கமா ஜனங்க வச்ச பேரு புஷ்பும். கிழங்கு வேர் சேகரிக்கிற, வழிபாடு நடக்கிற இடம். கண்ண மூடிட்டு ஆதரிச்ச சூழல் நண்பர்களும் உண்டு, யாக்கமா பக்கம் நின்னவங்களும் உண்டு. நான் இதுல யாக்கமா பக்கம். மின்சாரம் சேமிக்க வேற இடம் தேடலாம், புஷ்பும்ம வேற இடத்துல நட முடியாது.

அணைய எடுத்தா நிஜமாவே மீன் வருதா?

வருது, பாத்துட்டு வாங்க. ஒலிம்பிக் தீபகற்பத்துல எல்வா ஆத்துல 1913-லயும் 1927-லயும் முடிச்ச ரெண்டு அணை, மீன் ஏற வழியே வைக்காம கட்டினது, கடலுக்கு அஞ்சு மைல் தூரத்துலயே சால்மனுக்கு கதவு அடைச்சாச்சு. லோயர் எல்வா க்லாலம் ஜனங்க தலைமுறைகளா கேட்டுக்கிட்டே இருந்தாங்க, 1992-ல காங்கிரஸ் சட்டம் போட்டுச்சு, 2011 செப்டம்பர்ல இடிக்க ஆரம்பிச்சு 2014-ல முடிச்சாங்க. தண்ணி வடிஞ்சப்போ அவங்க படைப்புக் கதையில வர்ற இடம், நூறு வருஷமா தண்ணிக்கு அடியில கிடந்தது, வெளிய வந்துச்சு. அந்த இடம் இருக்குன்னு பாட்டிமார் சொல்லிட்டே இருந்தாங்க. 2023-ல அவங்க திரும்ப அந்த ஆத்துல மீன் பிடிச்சாங்க.

தெற்க கிளாமத் ஆத்துல 2002-ல பல்லாயிரம் சால்மன் செத்து மிதந்துச்சு, அத கண்ணால பாத்த யூரோக், கரூக் பிள்ளைங்க வளந்து வக்கீலாவும் மீன்வள ஆய்வாளராவும் போராளியாவும் ஆனாங்க. 2023-24-ல நாலு அணை எடுத்தாச்சு. முடிஞ்ச அதே மாசம், 2024 அக்டோபர்ல, சால்மன் பழைய அணைகளத் தாண்டி ஓரிகனுக்குள்ள ஏறிடுச்சு.

நாம குடியேறி வந்தவங்க, நாம எதையும் பிடுங்கலயே?

உண்மைதான், நாம கையெழுத்து போடல. நம்ம நாட்டுக்காரங்களையும் இந்த மண்ணுல விரட்டியிருக்காங்க, 1907 செப்டம்பர்ல பெல்லிங்ஹாம்ல மரமில் வேலைக்கு வந்த பஞ்சாபிகள ஒரே ராத்திரியில அடிச்சுத் துரத்தினாங்க, 1921 வாஷிங்டன் சட்டப்படி குடியுரிமை வாங்கத் தகுதியில்லாதவங்கன்னு சொல்லி ஆசியர்கள நிலம் வாங்கவே விடல, 1966 வரைக்கும் அந்தச் சட்டம் இருந்துச்சு. 2010-ல எம்வி சன் சீ கப்பல்ல 492 ஈழத்தமிழர்கள் வந்து இறங்கின எஸ்குவைமால்ட் துறைமுகம் இருக்குல்ல, அந்தப் பேரே அங்க இருக்கிற ஒரு பூர்வகுடி பேரு, டக்ளஸ் ஒப்பந்த நிலம். அகதியா வந்தவங்களுக்கு நிலம் பறிபோறதுன்னா என்னன்னு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. சொந்த ஊரோட பேர மாத்தி எழுதுறத பாத்த ஜனம் நாம. அதனால குற்ற உணர்ச்சியில இருந்து இத செய்யச் சொல்லல, தெரிஞ்ச வலியில இருந்து செய்யலாம்னு சொல்றேன். ஆனா வீடு வாங்கியாச்சு, ஓட்டு வந்தாச்சுன்னா பலன் நமக்கும் வருது, அதையும் ஒத்துக்கணும்.

சரி, நான் என்னதான் செய்யட்டும்?

முதல்ல உங்க வீடு எந்த ஒப்பந்தத்துல வருது, இல்ல ஒப்பந்தமே இல்லாத நிலமான்னு கண்டுபிடிங்க, அந்த ஒப்பந்தத்த படிங்க, பல ஒப்பந்தம் சில பக்கம்தான். பக்கத்து பூர்வகுடி அரசோட வெப்சைட்ல இயற்கைவளத் துறை என்ன கேக்குதுன்னு பாருங்க, கவுண்டில பொதுக்கருத்து கேக்கும்போது அதே விஷயத்துக்கு ஆதரவா நாலு வரி எழுதி அனுப்புங்க, நம்மாளுங்க ஹெச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) மீட்டிங்ல பேசுற பேச்சுல கால்வாசி இதுக்கு பேசினா போதும். வாஷிங்டன்ல 2015 சட்டப்படி பூர்வகுடி வரலாறும் இறையாண்மையும் ஸ்கூல்ல சொல்லிக்குடுக்கணும், உங்க பிள்ளை வகுப்புல நடக்குதான்னு டீச்சர்கிட்ட கேளுங்க. 1989-ல தொடங்கின பூர்வகுடிகளோட படகுப் பயணம் கோடையில நடக்கும், நூறு படகுக்கு மேல வர்ற வருஷமும் உண்டு, அந்த நாள்ல நடத்துற ஊரு வாலண்டியர் கேட்டா போய் பாத்திரம் கழுவுங்க, சோறு பரிமாறுங்க, நமக்கு கோயில் அன்னதானத்துல பழக்கம் இருக்கு. சடங்க போட்டோ எடுக்காதீங்க. எங்க குழுவுல இப்ப ஒரு விதி, எந்தப் புது வேலையும் அந்தப் படுகையோட பூர்வகுடி அரசுகிட்ட கேட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும், வேணாம்னா விட்டுடணும். ரெண்டு வேலைய அப்படி விட்டிருக்கோம்.

பூர்வகுடி மீனவங்ககிட்டயே மீன் வாங்கணும்னா எங்க போறது?

போர்ட்லாண்ட்ல இருந்து கிழக்க முக்கால் மணி நேரத்துல கேஸ்கேட் லாக்ஸ்னு ஊரு. யாக்கமா, உமாட்டில்லா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பெர்ஸ் மீனவங்க அங்க கொலம்பியா நதிப் பாலத்துக்கு பக்கத்துல வண்டி போட்டு விப்பாங்க, ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்ல போனா நல்ல சினூக் சால்மன் கிடைக்கும். பாலத்துக்கு அடியில தண்ணி அமைதியா இருக்கும், அங்கதான் ஒரு காலத்துல கேஸ்கேட்ஸ்னு பேர் வாங்கின வேகமான நீரோட்டங்கள் இரைஞ்சுட்டு ஓடிச்சு, அந்தப் பேர்தான் மலைத்தொடருக்குப் போய் அங்கிருந்து காஸ்கேடியாவுக்கு வந்துச்சு. 1938-ல பான்வில் அணை முடிஞ்சு அத மூழ்கடிச்சுது, கூடவே கரையோர மீன்பிடி ஊர்களும் போச்சு. பதிலுக்கு இடம் தர்றோம்னு அரசு சொன்னதுல சின்னப் பங்குதான் கிடைச்சுது, மிச்சத்துக்கு 1988-ல தனிச் சட்டமே போட வேண்டியிருந்துச்சு. காசு ரொக்கமா எடுத்துட்டுப் போங்க, டிக்கியில ஐஸ் பெட்டி வச்சுக்கோங்க, பேரம் பேசாதீங்க. குழம்புக்கா பொரிக்கவான்னு சொன்னா எந்த மீனு எடுக்கணும்னு அவங்களே சொல்வாங்க.